கூட்டணி என்று எதைச் சொல்கிறோம்?

பெங்களூர் அல்சூரில் கன்னட, ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்கித் தருவது என் தொழில். 2018 சட்டமன்றத் தேர்தலுக்குப் பின், ஒரு சுற்றறிக்கையை மொழிபெயர்க்கையில், 'சம்மிஸ்ர சர்க்கார' என்றிருந்த இடத்தில் அவசரமாகக் 'கூட்டாட்சி' என்று எழுதிவிட்டேன். அச்சான பிறகு அதைப் படித்த பெரியவர் ஒருவர் நேரில் வந்து, "கூட்டாட்சி என்றால் மத்திய அரசும் மாநில அரசுகளும் அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் முறை அம்மா, நீங்கள் சொல்ல வந்தது கூட்டணி ஆட்சி" என்று பொறுமையாகத் திருத்தினார். அன்றிலிருந்து இந்தச் சொல்லை எங்கே கண்டாலும் ஒரு கணம் நிறுத்திப் பார்க்கிறேன்.

கூட்டும் அணியும் சேர்ந்தது கூட்டணி. அணி என்பது படை வரிசையையும் குறிக்கும். ஆகவே பலர் ஒரே வரிசையில் நிற்கிறார்கள் என்பதைத்தான் இச்சொல் உணர்த்துகிறது, ஒன்றாகக் கலந்துவிட்டார்கள் என்பதை அன்று. கன்னடத்தில் இந்த வேறுபாட்டைக் காட்டத் தனித்தனிச் சொற்கள் உண்டு: கட்சிகளின் நட்புறவு 'மைத்ரி', அவை கலந்து அமைக்கும் அரசு 'சம்மிஸ்ர'. தமிழில் இரண்டையும் கூட்டணி என்ற ஒரே சொல்லால் சுட்டிவிடுகிறோம். இலங்கையிலோ 'தமிழர் விடுதலைக் கூட்டணி' என்று ஒரு கட்சியின் பெயராகவே இது நிலைத்துவிட்டது.

சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என நினைப்பதே சிக்கல். தமிழ்நாட்டில் 2006-இல் தி.மு.க. 96 இடங்களையே வென்றது. பெரும்பான்மைக்கு 118 வேண்டும். காங்கிரஸ் தேர்தல் கூட்டணியில் இருந்தது, அரசுக்கு ஆதரவும் தந்தது, ஆனால் அமைச்சரவையில் சேரவில்லை. கூட்டணி இருந்தது, கூட்டணி ஆட்சி இல்லை. கர்நாடகத்தில் 2018-இல் நடந்தது இதற்கு நேர்மாறு: காங்கிரசும் மதச்சார்பற்ற ஜனதா தளமும் எதிரெதிராகப் போட்டியிட்டு, முடிவு வந்தபின் கைகோத்து, சேர்ந்தே அமைச்சரவை அமைத்தன. "எதிர்த்து ஓட்டுப் போட்டோமே, இது செல்லுமா?" என்று அப்போது என்னிடம் கேட்ட தமிழர்கள் பலர். செல்லும். ஆளுநர் யாரை முதலில் அழைக்கலாம் என்பதற்கு மத்திய, மாநில உறவுகளை ஆராய 1983-இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையம் வகுத்த வரிசையில், தேர்தலுக்கு முந்தைய கூட்டணி முதலிடத்திலும், பிந்தைய கூட்டணி தனிப்பெரும் கட்சிக்கு அடுத்தும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடமுண்டு, ஆனால் ஒரே இடமில்லை. அதனால்தான் 'முந்தைய', 'பிந்தைய' என்ற அடைமொழிகளை விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

வாக்காளர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. வாக்கு இயந்திரத்தில் வேட்பாளரின் பெயரும் படமும் சின்னமும் இருக்கும். கூட்டணிக்கென்று பொத்தான் கிடையாது. அரசியல் சட்டத்தின் பத்தாம் அட்டவணை, அதாவது 1985-இல் சேர்க்கப்பட்ட கட்சித்தாவல் தடைச் சட்டம், உறுப்பினரை அவருடைய சொந்தக் கட்சியின் கொறடா (அவையில் எப்படி வாக்களிப்பது என்று கட்சி சார்பில் சொல்பவர்) இடும் உத்தரவோடுதான் பிணைக்கிறது. ஒரு கட்சி கூட்டணியை விட்டு வெளியேறினால் அது கட்சித்தாவல் ஆகாது; உறுப்பினர் ஒருவர் தம் கட்சியின் கொறடாவை மீறி வாக்களித்தால் பதவிக்கே ஆபத்து. சிறிய கட்சிக்காரர் பெரிய கட்சியின் சின்னத்தில் நின்று வென்றால் நிலைமை இன்னும் நுட்பமானது. 2021-இல் உதயசூரியன் சின்னத்தில் வென்ற ம.தி.மு.க.வினர் சட்டமன்றக் கணக்கில் தி.மு.க. உறுப்பினர்களே. மேடையில் தோழமைக் கட்சி, அவைப் பதிவேட்டில் அதே கட்சி.

இப்போதெல்லாம் 'கூட்டணி' என்று மட்டும் எழுதி என்னிடம் வரும் குறிப்புகளை அப்படியே விடுவதில்லை. தொகுதி உடன்பாடா, தேர்தல் கூட்டணியா, வெளியிலிருந்து ஆதரவா, கூட்டணி அமைச்சரவையா என்று அனுப்பியவரிடம் கேட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.