காலி பெட்ரோல் டேங்க் காலி இல்லைங்க

பொங்கல் நெருங்கினால் கோயமுத்தூர்ப் பக்கம் கல்லூரிகளில் காங்கேயம் காளை செய்யும் வேலை தொடங்கிவிடும். பழைய இரும்புக் கடையில் கிலோ கணக்கில் அள்ளி வந்த பைக் செயின், பேரிங், பல்சக்கரம் எல்லாம் மாட்டின் உருவத்துக்கு வருவதைப் பார்க்க எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் இந்த வருடமும் ஒரு பையன் முகமும் கையும் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காரணம் அதே பழைய கதை. மாட்டின் வயிற்றுக்கு வாகாக இருக்கும் என்று பைக் பெட்ரோல் டேங்கை எடுத்து வெல்டிங் வைத்திருக்கிறார்கள்.

"டேங்க் காலிங்கண்ணா. வெயில்ல ஒரு வாரம் காய வெச்சோங்கண்ணா."

பட்டறைக்காரன் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தம்பிகளா, பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. காற்றில் ஏறத்தாழ 1.4 சதவீதம் பெட்ரோல் ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். 10 லிட்டர் டேங்குக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், 1 மில்லிக்கும் குறைவான பெட்ரோல் ஆவியானால் போதும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் உள்ளே காற்றுக்கு இடமில்லை. காலி டேங்கில் ஆவியும் இருக்கிறது, காற்றும் இருக்கிறது. வெடிக்கத் தேவையான எல்லாம் உள்ளே தயார். நீங்கள் ஆர்க், அதாவது வெல்டிங் பொறி மட்டும் கொடுக்கிறீர்கள்.

பைக் டேங்கைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். ஃபிரேமில் உட்காருவதற்காக நடுவில் ஒரு பள்ளம் போகும். சுற்றிலும் இரண்டு தகடு சேரும் மடிப்பு இருக்கும். அந்த மடிப்பிலும், உள்ளே பிசின் போலப் படிந்த கசடிலும் பெட்ரோல் ஊறியிருக்கும். வெயிலில் வைத்தால் மேலாக இருப்பது போகும். சோப்புத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கினாலும் மடிப்புக்குள் இருப்பது வெளியே வராது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியிலேயே தங்கும். மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு "வாசமே இல்லைங்க" என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது? தகட்டில் சூடு ஏறியதும் மடிப்பில் இருப்பது ஆவியாகும். அப்போது உங்கள் முகம் டேங்குக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும்.

"டீசல் டிரம்தானே", "தின்னர் டின் காஞ்சு போச்சு" என்பதும் இதே கதைதான். கட்டிங் வீல் பொறியும் நெருப்புதான். வெல்டிங் வேண்டாம், அறுக்க மட்டும் செய்கிறோம் என்றாலும் ஆபத்து குறையாது.

டேங்குதான் வேண்டும் என்று அடம்பிடித்தால், சூடு வேலை முழுக்க முடிந்தபிறகு கடைசியில் பொருத்துங்கள். முன்னால் ரப்பர் உட்காரும் இடமும் பின்னால் போல்ட் ஓட்டையும் கம்பெனிக்காரனே கொடுத்திருக்கிறான். அதை வைத்து நட்டு போட்டு இறுக்கினால் போதும்.

உண்மையில் டேங்க் தேவையே இல்லை. 8 எம்எம் கம்பியை விலா எலும்பு போல வளைத்துக் கூடு கட்டி, அதன்மேல் செயினை வரிசையாக ஓட்டினால் வயிறு டேங்கைவிட உயிரோட்டமாக வரும். திமிலுக்குப் பழைய கிளட்ச் பிளேட்டை அடுக்கலாம். அலைதாடிக்கு (கழுத்தடியில் தொங்கும் தோல்) செயினை மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டு மேல் ஓரத்தில் மட்டும் டேக் (சின்னப் புள்ளி வெல்டிங்) அடியுங்கள். காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், பிறகுதான் நிறம் மாறும். கன்று செய்பவர்கள் துருவின் நிறத்தை அப்படியே விட்டு மேலே கிளியர் லாக்கர் (நிறமில்லாத பூச்சு) அடித்தால் பெயின்ட் செலவும் மிச்சம்.

ஷாக் அப்சார்பர் மாட்டுக்காலுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். வேண்டாம். உள்ளே எண்ணெய், சிலவற்றில் அழுத்தமான வாயு. மூடிய குழாயைச் சூடாக்கினால் வெடிக்கும். கார் டிக்கியைத் தூக்கும் ராடும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் கம்ப்ரசரைத் தலையாக வைக்கிறார்கள். இப்போது வரும் பல ஃபிரிட்ஜ்களில் இருப்பது எரியும் வாயு. காலுக்கு, மூடிப்போன நூல் மில்களில் இருந்து வரும் ஸ்பிண்டில் (நூல் சுற்றும் இரும்புத் தண்டு) இருக்கிறதே, அதைவிட என்ன வேண்டும்?

ஜிஐ பைப், ஜிஐ தகடு (துத்தநாகம் பூசிய இரும்பு) மேல் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அது துத்தநாகம். மத்தியானம் வேலை செய்தவனுக்கு இராத்திரி குளிர்க்காய்ச்சல் வரும். "ஒரு டம்ளர் பால் குடிச்சா சரியாயிரும்" என்று பட்டறைகளிலேயே சொல்கிறார்கள். புகை போவது நுரையீரலுக்கு, பால் போவது வயிற்றுக்கு. ஜிஐ சாமானை ஒதுக்கி வையுங்கள். முடியாவிட்டால் திறந்த வெளியில், புகைக்கான மாஸ்க் போட்டுக்கொண்டு, காற்று முதுகுப் பக்கமிருந்து வர நின்று செய்யுங்கள்.

கூலிங் கிளாஸ் வெல்டிங் கண்ணாடி ஆகாது. அருகில் செல்போனில் வீடியோ எடுப்பவனுக்கும் ஷீல்டு வேண்டும். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் ஃபிளாஷ் அடித்தது உடனே தெரியாது, பல மணி நேரம் கழித்துத்தான் கண்ணில் மண் விழுந்தது போல உறுத்தும். தாய்ப்பால், உருளைக்கிழங்கு எல்லாம் வைக்காமல் கண் டாக்டரிடம் போங்கள். பருத்திச் சட்டை, தோல் ஷூ போடுங்கள். உலகத்துக்கே பருத்தி பனியன் தைக்கும் திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பாலியஸ்டர் ஜெர்சியோடு வெல்டிங் வைக்க வராதீர்கள், பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும். கிரைண்டரின் சக்கரத்தை மறைக்கும் கார்டைக் கழற்றி வைப்பவன் என் பட்டறைக்குள் கால் வைக்கக் கூடாது.

பொறுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை தொடங்குமுன் குவியலை நீங்களே ஒருமுறை கிளறிப் பார்த்து, மூடிய சாமான் எதுவானாலும் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் பக்கத்துப் பட்டறையில் கேளுங்கள். யாரும் காசு கேட்க மாட்டார்கள். பழைய இரும்புக் கடை அண்ணன்மாருக்கும் சொல்கிறேன். பசங்க டேங்கையோ ஷாக் அப்சார்பரையோ எடுத்துக்கொண்டு தராசுக்கு வந்தால், எதுக்குன்னு ஒரு வார்த்தை கேளுங்கள். வெல்டிங் வைக்க என்றால் கொடுக்காதீர்கள்.