விளையாட்டுச் சீருடை தைக்கும் முன் துணியைப் பேசுங்கள்

ஓர் அணிக்குச் சீருடை வேண்டும் என்று வருகிறவர்களில் பெரும்பாலோர் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். நெஞ்சில் இந்தச் சின்னம், முதுகில் பெயரும் எண்ணும், தோளில் இரண்டு பட்டை என்று எல்லாவற்றையும் சொல்லி, எத்தனை உருப்படி, எந்தத் தேதிக்குள் வேண்டும் என்பதையும் பேசி முடித்த பிறகு, "துணி மட்டும் நல்லதாகப் போட்டுவிடுங்கள்" என்று எழுந்துவிடுகிறார்கள். சாயமிடுதலிலும் அச்சிலும் பல ஆண்டுகளாக வேலை செய்கிறவன் என்ற முறையில், இந்த வரிசை தலைகீழானது என்று அவர்கள் ஒவ்வொருவரிடமும் சொல்லி வருகிறேன். துணி எந்த இழையால் ஆனது என்பது முடிவானால்தான் அதில் எந்தச் சாயம் ஏறும் என்பது முடிவாகும். சாயம் எதுவென்று தெரிந்தால்தான் அதன்மேல் எந்த மை நிற்கும், எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பது தெரியும்.

இதை நான் பாடமாகக் கற்றது ஓர் அடர் சிவப்புச் சட்டையில். சாயமிட்ட பாலியஸ்டர் துணியில் வெள்ளை எண்களை ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் அச்சிட்டு, குறித்த நாளில் கொடுத்துவிட்டோம். அன்றைக்கு எண்கள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தன. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அணியின் பொறுப்பாளர் ஒரு பையோடு வந்து நின்றார். எண்கள் அத்தனையும் ரோஜா நிறத்துக்கு மாறியிருந்தன. தவறாகத் துவைத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பைக்குள்ளிருந்து பிரிக்காத உறையோடு ஒரு சட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். அதன் எண்ணும் அதே ரோஜா நிறத்தில்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பாலியஸ்டருக்குப் பயன்படுவது டிஸ்பர்ஸ் சாயம். பருத்திக்கு இடும் ரியாக்டிவ் சாயம் இழையோடு வேதியியல் பிணைப்பை உண்டாக்கிக்கொள்ளும். டிஸ்பர்ஸ் சாயம் அப்படிப் பிணைவதில்லை. மூடிய இயந்திரத்தில், அழுத்தத்தோடு, சுமார் 130 டிகிரி செல்சியஸ் சூட்டில் இழை நெகிழும்போது உள்ளே புகுந்து, இழை குளிர்ந்து இறுகும்போது அங்கேயே தங்கிவிடுகிறது. மறுபடியும் போதுமான சூடு கிடைத்தால் அது ஆவியாகி இடம்பெயரும். நாங்கள் பயன்படுத்திய பிளாஸ்டிசால் மை பருத்திக்கு ஏற்றது. அது முழுமையாக இறுக ஏறக்குறைய 160 டிகிரி வேண்டும். அந்தச் சூட்டில் சிவப்புச் சாயம் துணியிலிருந்து கிளம்பி வெள்ளை மைக்குள் நுழைந்துவிட்டது. சட்டைகளைச் சூடு ஆறும் முன்பே அடுக்கிக் கட்டியதால், அடுக்குக்குள்ளும் அந்த நகர்வு தொடர்ந்திருக்கிறது. தவறு முழுக்க எங்களுடையது. எல்லாச் சட்டைகளையும் புதிதாகச் செய்து கொடுத்தோம்.

இந்தச் சாய நகர்வைத் தடுக்க வழிகள் உண்டு. குறைந்த சூட்டில் இறுகும் மையைத் தேர்ந்தெடுக்கலாம். வெள்ளைக்கு அடியில் சாயத்தை மறிக்கும் சாம்பல் நிற அடிப்பூச்சு ஒன்றை இடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, உண்மையான துணியில் ஓர் எண்ணை அச்சிட்டு, சூட்டில் அழுத்தி வைத்து, சில நாள் கழித்துப் பார்த்துவிட்டு மொத்த வேலையைத் தொடங்கலாம். சிவப்பு, மெரூன், நீலம் போன்ற அடர் நிற பாலியஸ்டரில் வெள்ளை எழுத்துக் கேட்கிறவர்கள், தயாரிப்பவரிடம் இந்தச் சோதனை நடந்ததா என்று கேட்க வேண்டும். நாள் குறைவாக இருக்கிறது என்று இதைத் தவிர்க்கக் கூடாது, ஏனென்றால் இந்தப் பழுது ஒப்படைக்கும் நாளில் கண்ணுக்குத் தெரியாது.

பாலியஸ்டருக்கு இப்படிப்பட்ட தொல்லை இருக்கும்போது ஏன் எல்லோரும் அதையே நாடுகிறார்கள் என்று கேட்கலாம். பருத்தி, வழக்கமான சோதனைக்கூட ஈரப்பதத்தில் தன் எடையில் ஏறக்குறைய 8.5 விழுக்காடு நீரை உள்வாங்கி வைத்திருக்கும், பாலியஸ்டர் 0.4 விழுக்காடு அளவே. ஓடி விளையாடுகிறவரின் பருத்திச் சட்டை வியர்வையைக் குடித்துக் கனத்து, உடம்போடு ஒட்டிக்கொண்டு, காய நேரம் எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பாலியஸ்டர் வியர்வையை உறிஞ்சுகிறது என்று விளம்பரங்களில் எழுதுவது சரியல்ல. இழைகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போல, அது ஈரத்தைத் தோலிலிருந்து வெளிப்புறத்துக்குக் கடத்துகிறது. அங்கே ஈரம் பரவி ஆவியாகிறது. இந்தக் கடத்தல் இழையைப் பொறுத்தது மட்டுமல்ல, பின்னலையும் இறுதிப் பதப்படுத்தலையும் பொறுத்தது. ஆகவே நூறு விழுக்காடு பாலியஸ்டர் என்ற ஒரு சொல்லை வைத்துத் துணியின் தரத்தை முடிவு செய்ய முடியாது. துணியின் மேல் ஒரு சொட்டு நீரை விட்டு, அது முத்தாக நிற்கிறதா, விரிந்து பரவுகிறதா என்று பாருங்கள். கடையில் நின்றபடியே செய்யக்கூடிய சோதனை அது.

ஜி.எஸ்.எம். என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை கிராமில் எவ்வளவு என்பதைக் குறிக்கும். ஓடும் ஆட்டங்களுக்கான மேல்சட்டைக்கு 130 முதல் 160 வரையிலான துணி பொதுவாகப் பொருந்தும். அதற்கும் கீழே போனால் காற்றோட்டம் கூடும். ஆனால் வெளிர் நிறங்களில் உடம்பு தெரியும், இழுபறி ஆட்டத்தில் கிழியவும் செய்யும். உடம்பை ஒட்டி இருக்க வேண்டிய உடைகளில் ரப்பர்போல இழுபடும் ஸ்பான்டெக்ஸ் இழை கலந்திருக்கும். அது மிகுந்த சூட்டையும் குளோரின் வெளுப்பானையும் தாங்காது என்பதால், அச்சிடும்போதும் துவைக்கும்போதும் கூடுதல் கவனம் வேண்டும்.

சூடு பட்டால் ஆவியாகும் அதே குணத்தைத்தான் சப்ளிமேஷன் அச்சு நன்மையாக மாற்றிக்கொள்கிறது. வடிவத்தை முதலில் தனித்தாளில், கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி அச்சிடுகிறோம். அந்தத் தாளையும் வெள்ளைப் பாலியஸ்டர் துணியையும் சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் அழுத்தும்போது, சாயம் திரவ நிலைக்கு வராமலேயே ஆவியாகி இழைக்குள் புகுந்துவிடுகிறது. தாளில் மங்கலாகவும் அழுக்கேறியது போலவும் தெரிந்த நிறம், தாளை உரித்ததும் துணியில் பிரகாசமாக எழும்பி நிற்கும். எத்தனை ஆண்டு பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. விரலால் தடவினால் அச்சு இருப்பதே தெரியாது. மேலே படலம் ஏதும் இல்லாததால் அது வெடிப்பதும் இல்லை, உரிவதும் இல்லை, காற்றை மறிப்பதும் இல்லை.

ஆனால் இதன் எல்லைகளையும் தெரிந்துகொள்ள வேண்டும். பருத்தியில் இது நிற்காது. கலப்புத் துணியில் பாலியஸ்டர் இழைகள் மட்டும் நிறம் பிடிப்பதால் வெளிறித் தெரியும். மை ஊடுருவித் தெரியும் தன்மையுள்ளது என்பதால் அடிநிறம் வெண்மையாக இருந்தாக வேண்டும். வெள்ளை எழுத்து என்பது அச்சிடாமல் விட்ட இடம்தான். கறுப்புத் துணியில் மஞ்சள் சின்னத்தை இந்த முறையில் போட இயலாது. துணி முழுவதையும் வெள்ளையிலிருந்து கறுப்பாக அச்சிட்டு, சின்னத்தின் இடத்தை மட்டும் மஞ்சளாக அச்சிட வேண்டும். நிறம் பெரும்பாலும் மேற்பரப்பில் ஏறுவதால், தடித்த துணியை நன்றாக இழுத்தால் உள்ளிருக்கும் வெண்மை எட்டிப் பார்க்கும். முழுக்கால் இறுக்க உடைகளில் முழங்கால் மடிப்பில் இதைக் காணலாம்.

தைத்து முடித்த சட்டையை அழுத்தி அச்சிட்டால் அக்குளிலும் தையல் ஓரங்களிலும் மடிப்பு விழுந்த இடங்களில் வெள்ளைக் கோடுகள் தங்கிவிடும். அதனால்தான் சீரான வேலைக்குத் துண்டுகளை முதலில் அச்சிட்டு, பிறகு தைக்கிறார்கள். அழுத்தும் சூட்டில் துணி சற்றுச் சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது ஒவ்வொரு துணிக்கும், சில வேளை ஒரே துணியின் ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதிக்கும், மாறும். அந்த அளவைச் சோதித்து, வெட்டும் அளவு மாதிரியான பேட்டர்னைப் பெரிதாக்கிக்கொள்ளாவிட்டால், முன்பக்கப் பட்டையும் பின்பக்கப் பட்டையும் விலாத் தையலில் சந்திக்காமல் ஏறியிறங்கி நிற்கும். ஒரு சட்டை கவனமாகச் செய்யப்பட்டதா என்று அறிய நான் முதலில் பார்ப்பது அந்த விலாத் தையலைத்தான்.

நிறத்தைப் பற்றிய சச்சரவுகளில் பாதி, திரையில் பார்த்ததைத் துணியில் எதிர்பார்ப்பதால் வருகின்றன. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. துணி தன்மேல் விழும் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பகல் வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும் இரண்டு நீலங்கள் குழல்விளக்கின் கீழ் வேறுபட்டுத் தெரிவதும் உண்டு. கண்ணைப் பறிக்கும் ஒளிர்நிறங்கள் வழக்கமான நான்கு வண்ண மையில் கிடைக்காது. அவற்றுக்குத் தனி மை வேண்டும், அதுவும் வெயிலில் சீக்கிரம் மங்கும். எனவே துணியில் எடுத்த நிறச் சாம்பிளைக் கையில் வாங்கி, விளையாடப் போகும் வெளிச்சத்தில் பார்த்து ஒப்புதல் கொடுப்பதே பாதுகாப்பு.

தையலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெகிழும் துணியைச் சாதாரண நேர்தையலில் இணைத்தால் துணி நீளும், நூல் நீளாது. முதல் பாய்ச்சலிலேயே அறுந்துவிடும். துணியின் ஓரத்தைச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் தையல் நெகிழ்ந்து கொடுக்கும். தோலோடு உரசும் இடங்களுக்கு, உள்ளே முகடு எழும்பாத பிளாட்லாக் தையல் சிறந்தது. நெடுந்தூரம் ஓடுகிறவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுகிறவர்களுக்கும் அது வசதி என்பதைத் தாண்டி, தோல் உரியாமல் காக்கும் தேவை.

எம்பிராய்டரி அழகானது, நெடுநாள் உழைப்பது. அதற்குரிய இடம் வார்ம்-அப் ஜாக்கெட், தொப்பி, கனமான காலர் சட்டை ஆகியவை. மெல்லிய வலைத்துணியில் ஆயிரக்கணக்கான ஊசிக்குத்துகள் விழுந்தால் துணி சுருங்கிக்கொள்ளும். பின்னால் வைக்கும் தாங்குதாள் மார்பை உரசி எரிச்சலூட்டும். பெயரும் எண்ணும் ஆளுக்கு ஆள் மாறும் சிறிய வேலைகளுக்கு, வெட்டி ஒட்டும் வினைல் கைகொடுக்கும். ஆனால் நெஞ்சு முழுவதையும் மூடும் அளவுக்கு வினைலோ தடித்த மையோ போட்டால், அந்தப் பரப்பில் காற்றும் ஈரமும் கடக்காது. வியர்வையைக் கடத்துவதற்காகவே தேர்ந்தெடுத்த துணிமேல் ஒரு மழைக்காகிதத்தை ஒட்டியதற்கு அது சமம். சப்ளிமேஷன் செய்த சட்டையின்மேல் வினைல் எண் ஒட்டும்போதும் முன்பு சொன்ன சாய நகர்வு நேரும் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

தோலைப் பற்றி யாரும் கேட்பதில்லை; எனக்கு மிகுந்த கவலை தருவது அதுதான். சில டிஸ்பர்ஸ் சாயங்கள், குறிப்பாக டிஸ்பர்ஸ் நீலம் 106, 124 ஆகியவை, தோல் ஒவ்வாமையை உண்டாக்குவதாக மருத்துவ உலகில் நன்கு அறியப்பட்டவை. இறுக்கமான உடை, வியர்வை, உராய்வு மூன்றும் சேரும் அக்குள் ஓரத்திலும் தொடையிடுக்கிலும் அந்தச் சிவப்புத் தடிப்பு முதலில் தோன்றும். அசோ வகைச் சாயங்களில் சில சிதைந்து, புற்றுநோய் அபாயமுள்ள அரோமாட்டிக் அமீன்களை வெளியிடக்கூடியவை. ஐரோப்பிய ஒன்றியம் 2002ஆம் ஆண்டு நெறிமுறையிலேயே இவற்றுக்கு ஒரு கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்ற வரம்பை விதித்தது. சாயமிட்ட பின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் உபரிச் சாயத்தைக் காரமும் ஹைட்ரோசல்பைட்டும் கொண்டு கழுவி நீக்கும் ஒரு கட்டம் உண்டு. அவசரத்தில் அல்லது செலவைக் குறைக்க அந்தக் கழுவலைச் சுருக்கினால், அந்தச் சாயம் போய்ச் சேருவது அணிகிறவரின் தோலில்தான். குழந்தைகளுக்கான உடைகளில் மையை நெகிழ வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள் உள்ளனவா என்பதையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

கேட்பதற்குச் சோதனைகளும் இருக்கின்றன. துணியின் நிறம் எவ்வளவு நிலைக்கும் என்று பார்க்கும் சர்வதேசத் தரமான ஐ.எஸ்.ஓ. 105 வரிசையில் வியர்வைக்கான சோதனையில், ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் கலந்து செயற்கையாகத் தயாரித்த அமில வியர்வையிலும் கார வியர்வையிலும் துணியைத் தனித்தனியே நனைத்து, பக்கத்தில் வெள்ளைத் துணியை வைத்து, 37 டிகிரியில் 4 மணி நேரம் அழுத்தி வைப்பார்கள். வெள்ளையில் ஏறிய கறையை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். 5 என்றால் கறையே இல்லை. சிறிய ஆர்டருக்கு ஆய்வகம் போக முடியாதவர்கள், வெள்ளைக் கைக்குட்டையை ஈரமாக்கிச் சட்டையின் உட்புறத்தில் பத்து முறை அழுத்தித் தேய்த்துப் பார்த்தாலே ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

புதுச் சட்டையை ஒருமுறை துவைத்த பிறகே அணியுங்கள். பிறகும் உட்புறத்தை வெளியே திருப்பி, 30 அல்லது 40 டிகிரி நீரில் துவைக்க வேண்டும். துணி மென்மையாக்கிகள் இழைகளின்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்து ஈரக் கடத்தலைக் கெடுக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும். ஆட்டம் முடிந்ததும் நனைந்த சட்டையைச் சுருட்டிப் பைக்குள் அடைத்து இரவு முழுவதும் விட்டுவிடுவதுதான், நான் பார்த்த அளவில், நிறம் ஒன்றின்மேல் ஒன்று ஏறுவதற்கு முதற்காரணம். ஆர்டர் கொடுக்கும்போதே ஒரு சட்டையைக் கூடுதலாகச் செய்யச் சொல்லி, துணியின் ஜி.எஸ்.எம்., லாட் எண், மையின் வகை ஆகியவற்றை ஒரு சீட்டில் எழுதி அதோடு கட்டி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு அணியில் இரண்டு பேர் புதிதாகச் சேரும்போது, அவர்களுடைய சட்டையை மற்றவர்களுடையதோடு பொருத்த எங்களுக்குத் தேவைப்படுவது அணிந்து துவைத்து மங்கிய சட்டை அல்ல, அந்தச் சீட்டோடு இருக்கும் சட்டைதான்.