மேசையைத் தள்ளியது யார்?

எங்கள் கிணறு வற்றிய வருஷம், போர் போடுவதற்கு முன்னால் நீரோட்டம் பார்க்க ஒருவரை அப்பா அழைத்து வந்தார். குடுமியோடு ஒரு தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு அவர் வரப்பு வரப்பாக நடந்தார். புளியமரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் படுத்திருந்த காய் மெல்ல எழுந்து குத்திட்டு நின்றது. பின்னாலேயே போன எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலைங்க, காய் தானா எந்திரிக்குது" என்றார். காசு கேட்கவில்லை. தட்டில் வெற்றிலை பாக்கோடு வைத்ததை எடுத்துக்கொண்டு போனார்.

அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். காய் தானாக எழவில்லை என்பதும் இப்போது தெரியும். இரண்டும் சேர்ந்து எப்படி உண்மையாக இருக்கும் என்பதற்கு விடை, 1853ஆம் வருடத்து லண்டனில் ஒரு மேசைமேல் இருக்கிறது.

அந்தக் கோடைக்காலத்தில் லண்டன் வீடுகளில் மேசைகள் சுற்றிக்கொண்டிருந்தன. நாலைந்து பேர் ஒரு சின்ன மேசையைச் சூழ்ந்து, விரல்களை அதன்மேல் வைத்துக் காத்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் மேசை நகரும், சுழலும். இவர்களும் கையை எடுக்காமல் அதன் பின்னாலேயே சுற்றுவார்கள். 1848இல் அமெரிக்காவின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகள், ஆவிகள் தட்டித் தட்டிப் பேசுவதாகத் தொடங்கி வைத்த மோகம் கடல் தாண்டி வந்து இந்த வடிவம் எடுத்திருந்தது. ஆவி என்றார்கள் சிலர். பாதிரியார்களில் சிலர் சாத்தானின் வேலை என்றார்கள். படித்தவர்களோ மின்சாரம், காந்தம், இன்னும் கண்டுபிடிக்காத ஏதோ ஒரு விசை என்றார்கள். எந்தக் காலத்திலும் படித்தவர்களுக்கு இப்படி ஒரு வழி கிடைத்துவிடும். அன்று மின்சாரம், இன்று குவாண்டம்.

மின்சாரம் என்று பேச்சு வந்ததும் எல்லோரும் திரும்பிப் பார்த்தது மைக்கேல் ஃபாரடேயை. 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்தவர், லண்டனின் அறிவியல் நிறுவனமான ராயல் இன்ஸ்டிடியூஷனின் நட்சத்திரப் பேச்சாளர். இதைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டுத் துளைத்ததில் சலித்துப்போய்த்தான் அவர் இந்தச் சோதனையில் இறங்கினார். ஆனால் சோதனையில் சலிப்பின் சாயலே இல்லை. அவர் செய்ததிலேயே மிக மலிவான பரிசோதனைகளில் ஒன்று, என் கணக்கில் மிக அழகானதும்கூட.

முதலில் உப்புத்தாள், கண்ணாடி, களிமண், ஈயத்தாள், அட்டை, ரப்பர், மரம் என்று பலதையும் கட்டாகக் கட்டி மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைக்கச் சொன்னார். மேசை வழக்கம்போல நகர்ந்தது. ஆக, இந்தப் பொருள்கள் எதுவும் அந்த 'விசை'யைத் தடுக்கவில்லை. இந்தப் படி முக்கியம். நாளைக்கு ஒருவர் வந்து "உங்கள் அட்டைதான் சக்தியை மறித்துவிட்டது" என்று சொல்ல முடியாது.

அப்புறம்தான் அசல் சோதனை. வழுக்கலான நாலைந்து அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவில் இளகலான மெழுகுப் பசையைச் சின்னச் சின்ன உருண்டையாக ஒட்டினார். அடியில் இருந்த அட்டை மேசையோடு உப்புத்தாளால் பிடித்துக்கொண்டது. அட்டைகள் முதலில் இருந்த இடத்தைப் பென்சில் கோடு காட்டும். பசை அட்டைகளைப் பிடித்து வைக்கும், ஆனால் தொடர்ந்து தள்ளினால் மெல்ல விட்டுக்கொடுக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மேசை தானாக நகர்ந்து கைகளை இழுத்துப் போகிறது என்றால், அடி அட்டை முன்னால் போயிருக்க வேண்டும், மேல் அட்டைகள் பின்தங்க வேண்டும். கை மேசையைத் தள்ளுகிறது என்றால் மேல் அட்டை முந்தும், கீழே போகப் போகப் பின்தங்கும். மேசை நகர்ந்து முடிந்ததும் ஃபாரடே அட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். மேல் அட்டைதான் முந்தியிருந்தது. சில தடவை மேசை அசையவே இல்லை, ஆனால் அட்டைகள் மட்டும் சரிந்திருந்தன. கை தள்ளியிருக்கிறது, மேசை மசியவில்லை.

ஆவி உண்டா இல்லையா என்ற கேள்வியை அவர் தொடவே இல்லை. எது முதலில் நகர்ந்தது, கையா மேசையா என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பசை உருண்டையே பதில் சொல்லிவிடும்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு நல்ல ஆய்வாக மட்டும் இருந்திருக்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே கண்ணாடி உருளைகளை வைத்து, ரப்பர் வளையத்தால் பிணைத்து, நீளமான ஒரு வைக்கோல் தண்டை முள்ளாகப் பொருத்தினார். கை பக்கவாட்டில் துளி தள்ளினாலும் முள் சாயும். முள்ளை மறைத்து வைத்தபோது மேசை நகர்ந்தது. மேசையில் கை வைத்தவர்களே பார்க்கும்படி முள்ளை வைத்தபோது, அத்தனை நம்பிக்கையோடு உட்கார்ந்தும் மேசை நகரவில்லை. தாங்கள் தள்ளத் தொடங்குவதை முள் காட்டிக்கொடுத்ததும் அவர்கள் கை தன்னைத் திருத்திக்கொண்டது.

உட்கார்ந்தவர்கள் ஏமாற்றுக்காரர்கள் என்று ஃபாரடே எழுதவில்லை. நேர்மையானவர்கள், நேர் கீழேதான் அழுத்துகிறோம் என்று மனசார நம்பியவர்கள் என்றே எழுதினார். ஜூன் கடைசியில் டைம்ஸ் நாளிதழில் கடிதம் வந்தது, அடுத்து அதினியம் வார இதழில் விரிவான கட்டுரை. கருவியை ரீஜென்ட் தெருவில் நியூமன் என்பவரின் கருவிக் கடையில் வைத்துவிட்டு, வேண்டியவர்கள் போய்ப் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டார்.

கை தள்ளுவது கைக்காரருக்கே தெரியாமல் போவது எப்படி? இதற்கு ஒரு வருடம் முன்னால், 1852இல், வில்லியம் கார்ப்பென்டர் என்ற உடலியலாளர் ஒரு பெயர் கொடுத்திருந்தார்: ஐடியோமோட்டார். எண்ணமே தசையை அசைப்பது என்று புரிந்துகொள்ளலாம். ஓர் அசைவை எதிர்பார்க்கும்போது அதற்கான தசைகள் லேசாக இயங்கத் தொடங்கிவிடுகின்றன. நாமாக முடிவெடுத்துச் செய்யும் அசைவை மூளை 'இது என் வேலை' என்று பதிந்துகொள்ளும். எதிர்பார்ப்பிலிருந்து கசியும் இந்தச் சின்ன அசைவுக்கு அந்த முத்திரை விழுவதில்லை. முத்திரை இல்லாத அசைவு வெளியிலிருந்து வந்ததாகவே தோன்றும். நாலு பேர் சேர்ந்து கை வைத்தால் கேட்கவே வேண்டாம், ஒவ்வொருவருக்கும் மற்ற மூவர்தான் காரணம்.

வீட்டிலேயே பார்க்கலாம். ஒரு மோதிரத்தை 25 சென்டிமீட்டர் நூலில் கட்டி, நூல் நுனியை விரல்களால் பிடித்துத் தொங்கவிடுங்கள். கையை அசைக்காமல், மோதிரம் முன்னும் பின்னும் ஆடுவதாக மனதில் மட்டும் நினையுங்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் ஆடத் தொடங்கிவிடும். வட்டமாகச் சுற்று என்று நினைத்தால் வட்டமாகச் சுற்றும். அந்த நீள நூலில் ஓர் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒரு நொடி. அந்தத் தாளத்தோடு விரல் கண்ணுக்குத் தெரியாத அளவு அசைந்தாலே போதும். குழந்தையை ஊஞ்சலில் வைத்து ஒற்றை விரலால் நேரம் பார்த்துத் தள்ளினால் ஆட்டம் கூடிக்கொண்டே போகிறதல்லவா, அதே கணக்குதான்.

பிரெஞ்சு வேதியியலாளர் மிஷெல் ஷெவ்ரல் இந்த ஊசலைப் பாதரசத்தின்மேல் பிடித்துப் பார்த்து முதலில் தானே அசந்துபோனவர். நடுவில் கண்ணாடித் தட்டை வைத்தால் ஆட்டம் நின்றது. ஆஹா, ஏதோ கதிர் என்று அவர் குதிக்கவில்லை. கையைத் தாங்கு கட்டைமேல் வைத்துப் பார்த்தார். தாங்கல் விரலை நெருங்க நெருங்க ஆட்டம் குறைந்தது. அப்புறம் கண்ணைக் கட்டிக்கொண்டார். தட்டு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று தெரியாதபோது, ஊசலுக்கும் அது தெரியவில்லை. 1833இல் இயற்பியலாளர் ஆம்பியருக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதையெல்லாம் சொல்லியிருக்கிறார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர். கொழுப்பின் வேதியியலைப் பிரித்து, நல்ல மெழுகுவர்த்திக்கு வழிகாட்டியவரும் அவர்தான்.

இப்போது தேங்காய்க்கு வரலாம். முட்டை வடிவக் காயை உள்ளங்கையில் படுக்க வைத்தால் அது நிலையாக உட்கார்ந்திருப்பதில்லை. விரல்கள் சற்றே மடங்கினாலும் உருண்டு எழும். நீரோட்டம் பார்க்கச் சிலர் பிடிக்கும் கவட்டைக் குச்சி இன்னும் மோசம். இரு கிளைகளையும் வெளிப்பக்கம் வளைத்துப் பிடிக்கும்போது அது வில்போல முறுக்கேறி நிற்கிறது. மணிக்கட்டு துளி திரும்பினால் சட்டென்று கீழே பாயும். நீரோட்டம் பார்க்கும் கருவி எதை எடுத்தாலும், சின்ன அசைவைப் பெரிதாக்கிக் காட்டும் வகையாகவே இருக்கும். செங்கல்லை வைத்துக்கொண்டு யாரும் தண்ணீர் தேடுவதில்லை.

அவருக்கு எங்கே கை மடங்கியது? புளியமரம் பச்சையாக நின்ற இடத்தில். அனுபவமுள்ள கண் நிலத்தைப் படிக்கும், கை அதைச் சொல்லும் என்று வாதிடலாம், ஓரளவு நியாயமும் உண்டு. அப்படியானால் கண்ணுக்கு எந்தக் குறிப்பும் கிடைக்காத இடத்தில் என்ன ஆகும்? 1990இல் ஜெர்மனியின் காசெல் நகரில் 30 நீரோட்டக்காரர்களை வைத்துப் பார்த்தார்கள். அரை மீட்டர் ஆழத்தில் புதைத்த குழாயில் தண்ணீர் ஓடுகிறதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். சோதனை நியாயமானது என்று அவர்களே ஒப்புக்கொண்ட பிறகுதான் தொடங்கினார்கள். காசைச் சுண்டிப் போட்டால் வருகிற அளவுக்குத்தான் விடை சரியாக வந்தது.

நம் வயலில் இது ஒரு போர்க்குழியின் செலவோடு போய்விடும். இராக்கில் உயிர்களே போயின. ஏ.டி.இ. 651 என்ற பெயரில் வெடிகுண்டு கண்டறியும் கருவி ஒன்றை பிரிட்டன்காரரான ஜேம்ஸ் மெக்கார்மிக் விற்றார். கைப்பிடி, அதில் லேசாகச் சுழலும் ஆன்டெனா, அவ்வளவுதான். பேட்டரி கிடையாது, உடம்பின் நிலைமின்சாரத்தில் ஓடுமாம். அமெரிக்காவில் சுமார் 20 டாலருக்கு விற்ற, கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுச் சாமானிலிருந்து பிறந்தது. இராக் அரசு பல கோடி டாலர் கொடுத்து வாங்கிச் சோதனைச்சாவடிகளில் நிறுத்தியது. காவலர் சந்தேகப்பட்ட வண்டிப் பக்கம் ஆன்டெனா திரும்பியது, சந்தேகப்படாத வண்டி குண்டோடு போனது. 2013இல் லண்டன் நீதிமன்றம் மெக்கார்மிக்குக்குப் பத்து வருடம் சிறை கொடுத்தது. கருவியோ சாவடிகளில் அப்படியே இருந்தது. 2016 ஜூலையில் பாக்தாத்தின் கராதா பகுதியில் குண்டு வெடித்து நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகுதான் அதைத் திரும்பப் பெறப் பிரதமர் உத்தரவிட்டார். தீர்ப்பு வந்து மூன்று வருடம். கையில் பிடித்துப் பார்த்த காவலருக்கு அது திரும்புவது கண்ணால் கண்ட உண்மை. வெளிநாட்டு நீதிமன்றம் சொன்னதா பெரிது?

நம் ஊரில் பகுத்தறிவு என்ற சொல் காதில் விழுந்தாலே கடவுள் மறுப்பு என்றுதான் பொருள்படும். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, அதில் மதிக்க நிறைய இருக்கிறது. திராவிடர் கழகத்தார் 'கடவுள் இல்லை' என்று முழங்கிக்கொண்டு தீ மிதித்துக் காட்டுவது நல்ல பரிசோதனை: அதே தணல், அதே கால், கோஷம் மட்டும் வேறு. ஆனால் ஃபாரடே அந்தப் பெட்டியில் அடங்கமாட்டார். சாண்டமேனியர் என்ற சிறிய, கண்டிப்பான கிறிஸ்தவ சபையில் மூப்பராக இருந்தவர். மத நம்பிக்கை வேறு, உலக விஷயங்களில் எதை நம்புவது என்பது வேறு என்று 1854இல் மேடையிலேயே வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பிரிவினை சரியா என்று நாம் சண்டை போடலாம். நான் போடுவேன்.

மறுபக்கம் வில்லியம் க்ரூக்ஸைப் பாருங்கள். ஃபாரடேயின் புகழ்பெற்ற மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளைப் புத்தகமாகத் தொகுத்தவரே அவர்தான். 1861இல் தாலியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார், பின்னால் ராயல் சொசைட்டியின் தலைவரும் ஆனார். 1867இல் தம்பி பிலிப் இறந்தார். 1870களில் க்ரூக்ஸ், ஆவிகளோடு பேசுவதாகச் சொன்ன மீடியங்களைத் தேடித் தேடிச் சோதித்து, நம்பிவிட்டார். தராசில் மில்லிகிராம் விடாதவர். தேவாலய மூப்பர் மேசையை நம்பவில்லை, தாலியம் கண்டவர் ஆவியை நம்பினார். அதனால்தான் 'நீ ஆத்திகனா நாத்திகனா' என்று தொடங்கும் அறிவியல் பிரச்சாரம் எனக்குச் சலிப்பூட்டுகிறது. கேட்க வேண்டிய கேள்வி அட்டைக்கு அட்டை நடுவே இருக்கிறது.

ஃபாரடேயின் கட்டுரையால் மோகம் அடங்கியதா என்றால், இல்லை. எங்கள் மேசை தொடாமலே நகர்கிறது என்றார்கள். 1888இல் மார்கரெட் ஃபாக்ஸே நியூயார்க்கில் மேடையேறி, ஆவியின் தட்டல் தன் கால்விரல் மூட்டுச் சொடுக்கு என்று செய்து காட்டிய பிறகும் ஆவிக்கூட்டங்கள் நடந்தன. ஆனால் முள்ளைக் கண்ணால் பார்த்தபடி உட்கார்ந்தவர்களின் கையில் மட்டும் மேசை நகரவில்லை.

எங்கள் புளியமரத்தடியில் 600 அடிக்கும் புழுதிதான் வந்தது. அடுத்த வருஷம் அதே மனிதர் காட்டிய இன்னொரு இடத்தில் 400 அடியில் தண்ணீர். அப்பா நினைவில் வைத்திருந்தது இரண்டாவதை. தமிழ்நாட்டில் பெரும்பகுதி கடும்பாறை, தண்ணீர் விரிசல்களில் ஒளிந்திருக்கிறது, அப்படியும் இப்படியும்தான் அமையும் என்று நான் கல்லூரி விடுமுறையில் வகுப்பெடுத்தேன். "ரெண்டு புஸ்தகம் படிச்சுட்டா பெரிய மனுசனா?" என்று எழுந்து போய்விட்டார். பேச்சு அதோடு முடிந்தது, பல வருஷத்துக்கு.

போன பொங்கலுக்குப் போனபோது வகுப்பெடுக்கவில்லை. அம்மாவின் மோதிரத்தை நூலில் கட்டி அப்பா கையில் கொடுத்து, வட்டமாகச் சுற்றும் என்று மனசுக்குள் நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். சுற்றியது. "நான் ஆட்டலைடா" என்றார். தெரியும்பா என்றேன். நிறுத்தினார், மறுபடி பிடித்தார், இந்தத் தடவை முன்னும் பின்னுமாக ஆடியது. கொஞ்ச நேரம் மோதிரத்தையும் விரலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதைக் கண்ணுல கட்டு. ஒருக்கா அப்படிப் பாக்கறேன்."