சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு: சொல் விளக்கம்

ஓரிடத்தில் தொழிற்சாலையோ அடுக்குமாடி வளாகமோ நெடுஞ்சாலையோ வருவதற்கு முன்பே, அது அங்குள்ள நீரையும் காற்றையும் மண்ணையும் மக்களையும் என்ன செய்யும் என்று ஆராய்ந்து எழுத வேண்டும். எழுதியதை ஊரார் முன் வைக்க வேண்டும். அதன் பிறகே அனுமதி கொடுப்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். இந்த நடைமுறையின் பெயர்தான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு. ‘என்விரான்மென்டல் இம்பாக்ட் அசெஸ்மென்ட்’ என்பதைச் சுருக்கி அலுவலகங்களில் இ.ஐ.ஏ. என்றே சொல்கிறார்கள். ‘சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு’ என்று எழுதுவோரும் உண்டு. தொடருக்குள் வெளிப்படையாக இல்லாவிட்டாலும் இதன் உயிர் ‘முன்’ என்ற சொல்லில் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு எடுப்பது சேதக் கணக்கு மட்டுமே.

தொடர் பிறந்தது அமெரிக்காவில். 1970 ஜனவரி 1 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் கொள்கைச் சட்டம், மத்திய அரசின் பெரிய செயல்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னதாக அவற்றின் ‘இம்பாக்ட்’ பற்றி விரிவான அறிக்கை எழுதச் சொன்னது. அதே ஆண்டில் கலிஃபோர்னியா மாநிலம் தனக்கென ஒரு சட்டம் இயற்றியது. அரசே செய்யும் வேலைகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும் என்று பலர் நினைத்திருந்தார்கள். 1972-ல் அங்குள்ள மோனோ கவுண்டி என்ற உள்ளாட்சி தொடர்பான வழக்கில் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்த எண்ணத்தை உடைத்தது. தனியார் கட்டும் கட்டடமானாலும் அதற்கு அனுமதி தருவது உள்ளாட்சி என்றால், தருவதற்கு முன் உள்ளாட்சி ஆராய்ந்தே தீர வேண்டும் என்றது தீர்ப்பு. சுற்றுச்சூழல் ஆய்வு உள்ளூர் மன்றத்தின் மேசைக்கு வந்து சேர்ந்த கதை இது.

இலங்கையில் 1980-ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் 1988-ல் செய்த திருத்தம் இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் 1994 ஜனவரி 27 அன்று மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கை முதலாவது. இப்போது நடப்பில் இருப்பது 2006 செப்டம்பர் 14 அறிவிக்கை.

இனி சொற்களைப் பார்ப்போம். ‘என்விரான்மென்ட்’ பிரெஞ்சு மொழியில் ‘சுற்றிலும்’ என்று பொருள்தரும் ‘என்விரான்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் ‘சுற்றுச்சூழல்’ என்கிறோம், இலங்கையில் ‘சுற்றாடல்’, சிங்கப்பூரில் ‘சுற்றுப்புறம்’. மூன்றும் நல்ல தமிழே. ஆனால் சுற்று, சூழல் இரண்டுக்கும் பொருள் ஒன்றுதான் என்பதால் ‘சூழல்’ என்று நிறுத்திக்கொண்டாலும் குறைவில்லை. நான் ‘சூழல்’ பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ‘சூழ்’ என்ற வினைக்குப் பழந்தமிழில் இரண்டு பொருள்: வளைத்துக்கொள்வது ஒன்று, ஆழ்ந்து எண்ணுவது மற்றொன்று. இன்று சதி என்ற பொருளில் மட்டும் புழங்கும் ‘சூழ்ச்சி’ அன்று கூடி எண்ணிப் பார்ப்பதைக் குறித்தது. குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம் இப்படித் தொடங்குகிறது:

அழிவதூஉம் ஆவதூஉம் ஆகி வழிபயக்கும்
ஊதியமும் சூழ்ந்து செயல்.

ஒரு செயலால் எது அழியும், எது உருவாகும், உருவான பின் காலப்போக்கில் என்ன ஆதாயம் வரும் என்ற மூன்றையும் எண்ணிய பிறகே செய் என்கிறது. மேற்கண்ட சட்டங்கள் கேட்பதும் இதைத்தான். அழிவதை முதலில் வைத்திருப்பதைக் கவனியுங்கள். இன்றைய அறிக்கைகள் பலவற்றில் வேலைவாய்ப்பும் வருமானமும் முன் பக்கங்களில் நிற்க, அழிவது பின்னிணைப்புக்குப் போய்விடுகிறது.

அடுத்தது ‘இம்பாக்ட்’. ‘மோதிச் செருகுவது’ என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. ‘தாக்கம்’ அதன் நேர் நிழல். தாக்கு என்றால் அடி. ஒரே வீச்சில் விழும் அடியைச் சொல்ல அது பொருத்தம். ஆனால் சாயக் கழிவு நிலத்தடி நீரில் கலப்பதும் கடற்கரையின் மணல் ஓட்டம் மாறுவதும் அடிபோல் நிகழ்வதில்லை, ஆண்டுக்கணக்கில் ஊறி நிகழ்கின்றன. ‘பாதிப்பு’ என்றால் வேறொரு சிக்கல்: ஆராயும் முன்பே தீமை என்று தீர்ப்பு எழுதிவிடுகிறது. ஊரார் பக்கம் நிற்பவருக்கு அந்தச் சொல் உவப்பானதுதான். என்றாலும் ஆய்வு நடுநிலையில் நிற்காவிட்டால் எதிர்த் தரப்பு அதையே காரணமாகக் காட்டித் தள்ளிவிடும். எனக்குச் சரியாகப் படுவது ‘விளைவு’. நன்மை, தீமை இரண்டுக்கும் இடம் தருகிறது. மெல்ல முளைத்து முற்றுவதையும் சொல்கிறது. விளைச்சலும் விளைநிலமும் இதே வேரில் பிறந்தவை. விளைநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றும் கோப்பில் ‘விளைவு’ என்ற சொல் உட்கார்ந்திருப்பது எத்தனை பொருத்தம்!

‘மதிப்பீடு’ என்பதை விரைவாகக் கடக்கலாம். மதிப்பு + ஈடு. இடு என்ற வினையின் முதனிலை நீண்டு ‘ஈடு’ ஆயிற்று, கெடு கேடு ஆனதைப் போல. ஆங்கில ‘அசெஸ்’ வரி நிர்ணயிப்பதிலிருந்து வந்த சொல். நம் மதிப்பீட்டிலும் சொத்து மதிப்பு, கட்டடச் செலவு ஆகியவற்றின் வாடை உண்டு. பணமாக்க முடியாதவற்றை எடைபோடும் வேலைக்கு ‘ஆய்வு’ என்ற சொல்லே நெருக்கமானது. கீரையை ஆய்வது என்கிறோமே, அதே ஆய்தான்: நல்லதைத் தனியே, அழுகலைத் தனியே பிரித்தெடுப்பது. அலுவலகம் விரும்பும் ‘பரிசீலனை’யில் இந்தப் பிரித்தெடுக்கும் பொருள் தேய்ந்துவிட்டது, கோப்பு காத்திருக்கிறது என்பதற்கு மேல் அது இன்று எதுவும் சொல்வதில்லை. ‘ரிவியூ’ என்றாலே ‘மறுஆய்வு’ என்று மொழிபெயர்ப்பதும் இங்கே பிழை. நிலப் பயன்பாட்டுத் திட்டத்தை உள்ளாட்சி பார்ப்பது இரண்டாம் முறைப் பார்வை அல்ல, முதல் ஆய்வு.

நான் அதிகம் கவலைப்படுவது இத்தொடரில் இல்லாத, ஆனால் இதைச் சுற்றியே நிற்கும் ஒரு சொல்லைப் பற்றி: ‘திட்டம்’. ஐந்தாண்டுத் திட்டம், மெட்ரோ ரயில் திட்டம், மதிய உணவுத் திட்டம் என மூன்றுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்தில் முதலாவது ‘பிளான்’, இரண்டாவது ‘புராஜெக்ட்’, மூன்றாவது ‘ஸ்கீம்’. பேச்சில் இதனால் நட்டமில்லை. நிலமும் சூழலும் சந்திக்கும் இடத்தில் நட்டம் பெரிது.

இந்தியாவின் 2006 அறிவிக்கை ஆராயச் சொல்வது ‘புராஜெக்ட்’டை: இந்த அணை, இந்தச் சுரங்கம், 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட இந்தக் கட்டடம். ஆனால் அந்த நிலம் தொழிற்பகுதியா குடியிருப்பா என்று முன்னரே தீர்மானித்திருப்பது ‘பிளான்’. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன்படி தயாராகும் முழுமைத் திட்டம், மக்கள் வாயில் மாஸ்டர் பிளான், இவ்வகைதான். சென்னைப் பெருநகருக்கான இரண்டாம் முழுமைத் திட்டம் 2008-ல் நடைமுறைக்கு வந்தது. அதில் ஒரு வயல் எந்த வகையில் போய் விழுந்ததோ, அதன் விதி பெருமளவு அங்கேயே எழுதப்பட்டுவிடுகிறது. அத்தகைய முழுமைத் திட்டத்தையே சூழல் விளைவுக்காக ஆராய வேண்டும் என்று நம் அறிவிக்கை கேட்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2001-ல் தனி ஆணை பிறப்பித்து அதைக் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியாவின் விதிகளோ ‘புராஜெக்ட்’ என்ற சொல்லுக்குள்ளேயே உள்ளாட்சியின் பொதுத் திட்டத்தையும் மண்டல விதிகளையும் சேர்த்து இலக்கணம் எழுதிவிட்டன.

தனித்தனியாகப் பார்த்தால் மொத்தம் எப்படித் தப்பிப்போகும் என்பதற்குச் சென்னையின் பள்ளிக்கரணை ஒன்று போதும். ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் பரந்திருந்த சதுப்பு நிலம். குப்பைக் கிடங்கு, சாலை, ரயில் பாதை, அலுவலக வளாகம் என ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. 2022-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது அதன் பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் தனி அறிக்கை எழுதியிருந்தாலும், எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அந்த அறிக்கைகளில் இடம் இருந்திருக்காது. அதைக் கேட்க வேண்டிய இடம் நிலப் பயன்பாட்டுத் திட்டம்.

ஆகவே இரண்டுக்கும் இரு சொற்கள் வேண்டும். இலங்கைத் தமிழில் ‘புராஜெக்ட்’டைக் ‘கருத்திட்டம்’ என்கிறார்கள். பல காலமாக அரசு ஆவணங்களில் புழங்கும் சொல். தமிழ்நாட்டில் அது பழகாததால் ‘பணித்திட்டம்’ என்று எழுதலாம். ‘திட்டம்’ என்பதைப் ‘பிளா’னுக்கே விட்டுவிடலாம். மேலே தேர்ந்த சூழல், விளைவு, ஆய்வு மூன்றையும் சேர்த்தால் ‘சூழல் விளைவாய்வு’. அப்போது ‘பணித்திட்டச் சூழல் விளைவாய்வு’, ‘நிலத்திட்டச் சூழல் விளைவாய்வு’ என்ற இரண்டும் வேறு வேறு என்பது சொல்லிலேயே தெரியும். இரண்டாவதை ஆங்கிலத்தில் ‘ஸ்ட்ராடஜிக்’ என்ற அடைமொழியோடு சொல்வதைப் பார்த்து ‘உத்திசார் மதிப்பீடு’ என்று பெயர்க்கிறார்கள். படிப்பவருக்கு அதில் ஒன்றும் பிடிபடாது.

நிலப் பயன்பாட்டைப் பெயரிடுவதில் தமிழுக்கு நீண்ட பழக்கம் உண்டு. நஞ்சை என்பது நன்செய், புஞ்சை என்பது புன்செய். செய் என்றால் வயல். நத்தம் ஊர்க்குடியிருப்புக்கு உரியது. புறம்போக்கு, வரிக்கணக்குக்குப் புறம்பே விடப்பட்ட நிலம்: ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, சுடுகாடு என ஊர் முழுவதற்கும் பொதுவானவை. வருவாய் தராத நிலம் பயனற்றது என்ற எண்ணம் ஊறிப்போய், இன்று அந்தச் சொல் தெருவில் வசவாகிவிட்டது. வெள்ளத்தைத் தாங்குவதும் கிணறுகளில் நீர் ஊறச் செய்வதும் பெரும்பாலும் அந்த நிலங்கள்தான் என்பதை நினைத்தால் இது வேதனை. ‘சோன்’ என்பதற்கு ‘மண்டலம்’ நிலைத்துவிட்டது. மாநகராட்சியின் நிர்வாகப் பிரிவுக்கும் அதே பெயர் இருப்பதால் நிலத்தைப் பற்றிப் பேசும்போது ‘பயன்பாட்டு மண்டலம்’ என்று தெளிவாக எழுதுவது நல்லது.

‘உள்ளாட்சி’ என்ற சொல் இங்கே எங்கே நிற்கிறது? 74-ஆம் அரசியலமைப்புத் திருத்தம் சேர்த்த 12-ஆம் அட்டவணை, நகரமைப்பையும் நிலப் பயன்பாட்டு ஒழுங்குமுறையையும் சூழல் பாதுகாப்பையும் நகர உள்ளாட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பொருள்களாகவே வரிசைப்படுத்துகிறது. நடைமுறையில் சென்னையின் முழுமைத் திட்டத்தைத் தயாரிப்பது மாநில அரசின் கீழுள்ள பெருநகர் வளர்ச்சிக் குழுமம். சூழல் அனுமதி தருவது மத்திய அமைச்சகம் அல்லது மாநில அளவிலான ஆணையம். வரைவு அறிக்கையின் பிரதி ஒன்று உள்ளாட்சிக்கு வந்து சேரும், ஊரார் அங்கே போய்ப் படிக்கலாம். முடிவெடுப்பது வேறு கை. மோனோ கவுண்டி தீர்ப்பில் இருந்த உள்ளாட்சியின் பொறுப்பு நம் நடைமுறையில் இன்னும் வந்து சேரவில்லை.

ஊராருக்கு உள்ள நேரடி வாசல் ‘பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம்’. மாவட்ட ஆட்சியரோ அவர் சார்பில் வருபவரோ தலைமை தாங்க, மாசு கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். 2006 அறிவிக்கையை மாற்ற 2020-ல் வந்த வரைவு அறிவிக்கை அந்த 30 நாளை 20 ஆக்கப் பார்த்தது. அதன் மொழியே ஒரு வழக்கானது. அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளிலும் வரைவைப் பெயர்த்து வெளியிடுமாறு டெல்லி உயர் நீதிமன்றம் ஜூன் 30 அன்று உத்தரவிட, அமைச்சகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. ‘கேள்’ என்பதற்குச் செவிகொடு என்றும் பொருள், வினவு என்றும் பொருள். கூட்டத்துக்குப் போகிறவருக்கு இரண்டாவதும் உரிமை: அறிக்கையில் தெளிவில்லாதவற்றுக்கு விளக்கம் கேட்க விதியே இடம் தருகிறது.

கட்டுரையிலும் பேச்சிலும் ‘சூழல் விளைவாய்வு’ என்ற சொல்லைப் பழக்குங்கள். ஆட்சேபணை மனு எழுதும்போது மட்டும் கோப்பில் உள்ள சொல்லையே எழுதுங்கள்: ‘சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு’, ‘நில உபயோக மாற்றம்’, ‘மறுவகைப்பாடு’. சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, அந்த நிலம் ‘அ’ பதிவேடு எனப்படும் வருவாய்த் துறை நிலப் பதிவேட்டில் ஏரிப் புறம்போக்கு என்றோ ஓடைப் புறம்போக்கு என்றோ எப்படி எழுதப்பட்டிருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் மனுவில் சேருங்கள். திட்ட வரைபடத்தில் அதே எண்ணுக்கு என்ன நிறம் தீட்டியிருக்கிறார்கள் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.