வேல் தாங்கும் உடம்பு, பைவார் தாங்காத தோள்

அக்காவின் கைப்பையில் பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு குடை, பணப்பை, கைப்பேசி, கோடாலித் தைலம். சிங்கப்பூரின் ஈசூனில் ரயில் ஏறினால் டோபி காட் வருவதற்குள் அந்தப் பையின் வார் தோளில் சூடு வைத்த மாதிரி எரியத் தொடங்கிவிடும். தோள் மாற்றித் தோள் போட்டுக்கொண்டு நிற்பாள். ஒதுக்கப்பட்ட இருக்கை காலியாக இருந்தாலும் உட்காரத் தயங்குவாள். பார்வைக்கு ஆள் நன்றாகத்தானே இருக்கிறாள்.

ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எல்லாமே நார்மல். "ஒன்றுமே இல்லைம்மா, சந்தோஷமாப் போங்க" என்று ஒரு மருத்துவர் சொல்ல, வெளியே வந்து அழுதாள். ஒன்றும் இல்லையென்றால் காலையில் எழும்போது உடம்பு முழுக்க அடித்துப்போட்டது போல் இருப்பது ஏன்? ஃபைப்ரோமயால்ஜியா, அதாவது உடம்பெங்கும் வலியும் அசதியும் நீடிக்கும் நோய், என்ற பெயர் அவளுக்குக் கிடைக்க இரண்டு வருடத்துக்கு மேலானது.

இந்த நோயைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது தைப்பூசம். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுப்பவர், டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார். முதுகிலும் நெஞ்சிலும் கம்பிகள். தோலில் துளை விழுவது உண்மை. ஆனாலும் வலி பெரிதாகத் தெரியவில்லை என்கிறார்கள். இங்கே காயம் இருக்கிறது, வலி குறைவு. அக்காவிடம் காயம் இல்லை, வலி மலையளவு. காயத்துக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

தோலிலோ தசையிலோ இருக்கும் நரம்பு முனைகள் அனுப்புவது வலி அல்ல, வெறும் தகவல். அது முதலில் முதுகுத்தண்டுக்குள் போகிறது. அங்கே ஒரு வாசல் இருக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். அந்த வாசல் திறந்திருந்தால் தகவல் மூளைக்குப் போகும், சாத்தியிருந்தால் வழியிலேயே அடங்கும். இடித்துக்கொண்ட முழங்காலை நாம் பரபரவென்று தேய்க்கிறோம் அல்லவா? தொடுஉணர்வு நரம்புகள் வேகமாகச் செய்தி அனுப்பி அந்த வாசலைக் கொஞ்சம் சாத்துகின்றன. கோடாலித் தைலத்தின் மகிமையில் பாதி, தேய்க்கும் கைக்குச் சொந்தம் என்பது என் கட்சி.

மூளையும் சும்மா உட்கார்ந்திருப்பதில்லை. மூளைத்தண்டிலிருந்து முதுகுத்தண்டுக்கு இறங்கும் நரம்புகள் செரோட்டோனின், நார்அட்ரீனலின் போன்ற வேதிப்பொருள்களைச் சுரந்து வலித் தகவலை அடக்குகின்றன. நோன்பு, நம்பிக்கை, உறுமி மேளம், சுற்றிலும் "வேல் வேல்" என்ற குரல்: காவடிக்காரரின் மூளை இந்தக் கீழிறங்கும் தடுப்பை முழுமூச்சாக இயக்குகிறது என்று கருத இடமிருக்கிறது. ஃபைப்ரோமயால்ஜியாவில் அதே தடுப்பு சோர்ந்துபோகிறது. போதாக்குறைக்கு, தகவலை மேலே ஏற்றிவிடும் பக்கம் மும்முரமாகிவிடுகிறது. வலிச் செய்தியைக் கடத்தும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற பொருள், நோயாளிகளின் தண்டுவட நீரில் மற்றவர்களைவிட அதிகமாக இருப்பது அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது.

"மனப்பிரமை" என்று சொல்லும் சொந்தக்காரர்களுக்கு நான் எடுத்துக்காட்டுவது 2002இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை. நோயாளிகளின் கட்டைவிரல் நகத்தை ஒரு கருவியால் அழுத்திக்கொண்டே மூளையை ஸ்கேன் எடுத்தார்கள். சதுர செண்டிமீட்டருக்குச் சுமார் 2.4 கிலோ அழுத்தியதுமே அவர்களுக்கு நல்ல வலி. நோயில்லாதவர்களுக்கு அதே அளவு வலி வர 4 கிலோவைத் தாண்ட வேண்டியிருந்தது. மூளையின் வலி சார்ந்த பகுதிகள் இரு தரப்பிலும் ஒன்றுபோல் ஒளிர்ந்தன. நடிக்கிறவருடைய மூளை ஸ்கேனில் அப்படி ஒளிராது, சித்தப்பா!

நோயைக் கண்டுபிடிக்கும் முறையும் மாறியிருக்கிறது. 1990இல் வந்த விதிப்படி, உடம்பெங்கும் மூன்று மாதமாவது வலி இருப்பவருக்கு 18 புள்ளிகளை விரலால் அழுத்திப் பார்த்து, 11 இடங்களிலாவது வலித்தால் இந்த நோய் என்றார்கள். 2010இல் புள்ளிகளை அழுத்துவதை விட்டுவிட்டு, வலி எத்தனை பகுதிகளில் இருக்கிறது, மூன்று மாதமாக நீடிக்கிறதா, அசதி, மறதி, தூங்கி எழுந்தும் தெளிவில்லாத தன்மை எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினார்கள்.

தூக்கத்தைச் சும்மா சேர்க்கவில்லை. 1975இல் டொரான்டோவில் ஆரோக்கியமான இளைஞர்களைப் படுக்கவைத்து, ஆழ்ந்த தூக்கத்துக்குள் போகும்போதெல்லாம் சத்தம் எழுப்பிக் கலைத்தார்கள். சில இரவுகளுக்குள் அவர்களுக்கும் தசைகள் தொட்டால் வலித்தன, உடம்பு அசந்தது. வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, கெட்ட தூக்கம் வலியை ஏற்றுகிறது. இந்தச் சுழலை எங்கே உடைப்பது?

அக்காவுக்கு இரவில் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் கொடுத்தார்கள். பழைய மனச்சோர்வு மாத்திரை அது. பெட்டியைப் படித்துவிட்டு, "என்னைப் பைத்தியம்னு நினைச்சிட்டாங்களா?" என்று கேட்டாள். இல்லை. செரோட்டோனினும் நார்அட்ரீனலினும் கூடுதல் நேரம் நரம்பிடையே தங்கினால் அந்தத் தடுப்பு பலப்படும், தூக்கமும் வரும். டுலோக்செட்டினும் இதே வழிதான். பிரீகாபலின், நரம்பு முனைகள் வலிச் செய்தியைக் கொட்டுவதைக் குறைக்கிறது. வீக்கமோ அழற்சியோ இல்லாத இடத்தில் ஐபுபுரோஃபென் வகை மாத்திரைகளுக்கு அதிகம் வேலை இல்லை. இவற்றில் எது யாருக்கு என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும், அக்கம்பக்கத்து ஆன்ட்டி அல்ல.

மாத்திரை எல்லாருக்கும் கேட்பதில்லை. ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவர்கள் 2016இல் திருத்திய பரிந்துரைகளில் 'வலுவாகப் பரிந்துரைக்கிறோம்' என்ற தகுதியைப் பெற்றது ஒன்றே ஒன்று, உடற்பயிற்சி. வலிக்கிறவரை நடக்கச் சொல்வது கொடுமையாகத் தெரியும். முதல் சில வாரம் வலி கூடவும் செய்யும். அதனால் சிறிதாகத் தொடங்கவேண்டும். அக்கா முதலில் அடுத்த புளோக்வரை நடந்தாள், அவ்வளவுதான். அப்புறம் நீச்சல்குளத்தில் இடுப்பளவு நீரில் நடை. நம் ஊர் வெயிலில் குளத்து நீர் தானாகவே சூடாக இருப்பது ஒரு வசதி. இப்போது கீழ்த்தளத்தில் சீனப் பாட்டிகளோடு தைச்சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சி செய்கிறாள். 226 பேரை வைத்து 2018இல் வெளியான ஆய்வொன்றில், தைச்சி செய்தவர்களுக்கு ஏரோபிக் பயிற்சி செய்தவர்களுக்குச் சமமாகவோ கூடுதலாகவோ பலன் கிடைத்தது. பாட்டிகளுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. "ஸ்லோலி, ஸ்லோலி" என்று மட்டும் சொல்வார்கள்.

அவளுக்குக் கடினமாக இருந்தது நல்ல நாளைச் சமாளிப்பதுதான். வலி குறைந்த நாளில் ஒரு வாரத்து வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்வாள். அடுத்த மூன்று நாள் எம்சி, மருத்துவ விடுப்பு. போன தீபாவளிக்கு முன்பு ஒரே நாளில் வீட்டைக் கழுவி, திரைச்சீலை மாற்றி, இரண்டு கிலோ மாவு முறுக்கு பிழிந்தாள். தீபாவளியன்று எண்ணெய்க் குளியலுக்குக்கூட எழ முடியவில்லை. ஏற்கெனவே உஷாராக இருக்கும் நரம்பு மண்டலம், இப்படி ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் இன்னும் உஷாராகிறது. வலியைப் பார்த்து நிறுத்தாமல் நேரத்தைப் பார்த்து நிறுத்தச் சொன்னார் இயன்மருத்துவர் (பிசியோதெரபிஸ்ட்).

இந்த வருடம் அடுப்பு மேடையில் ஒரு டைமர். இருபது நிமிடம். மணி அடித்தபோது முறுக்கு உரல் கையில், எண்ணெய் காய்ந்திருந்தது, வலியும் இல்லை. "இன்னும் ஒரு ஈடுதானே" என்றாள். நான் டைமரைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். மிச்ச மாவை நான் பிழிந்தேன். ஒரு முறுக்கும் வட்டமாக வரவில்லை.