ஜெல் போதாது: பண்ணை வீட்டு விடுதிக்குக் குழந்தைகளுடன் செல்வோருக்கு

ஈஸ்டர் விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் வாரத்தில், இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் இன்னொரு குழந்தையை மருத்துவமனையில் அனுமதிக்க நேர்ந்தது. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டில் ஒரு குடும்பம் தலைமுறைகளாக நடத்திவரும் பழைய பண்ணை வீட்டு விடுதியில் மூன்று இரவுகள் தங்கிவிட்டு லண்டன் திரும்பிய நான்கு வயதுச் சிறுமி அவள். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) "ஒவ்வொரு தடவையும் கைக்கு ஜெல் போட்டுவிட்டோமே, டாக்டர்" என்று அவளுடைய தாய் கைப்பையிலிருந்து அந்தக் கிருமிநாசினிப் புட்டியை எடுத்துக் காட்டினார். குழந்தைகள் மருத்துவராக இதே சொற்களை இதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். இனியும் கேட்க விரும்பாததால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த விடுதிகளை நான் குறை சொல்லவில்லை. தடித்த கற்சுவர், சிலேட்டுக் கூரை, நூற்றாண்டுகள் தேய்த்த கல்தரை, வீட்டுக்காரரே சமைத்துப் பரிமாறும் காலையுணவு ஆகியவற்றுக்காக நானும் அவற்றில் விரும்பித் தங்குகிறவள்தான். ஆனால் அது விடுதி ஆவதற்கு முன்பே பண்ணை, இன்றும் பண்ணை. அங்குள்ள மலைப்பகுதிகளில் ஏப்ரல், மே மாதங்களில் செம்மறிகள் குட்டி ஈனும். ஹெர்ட்விக் இனக் குட்டிகள் கறுப்பாகப் பிறந்து, வளர வளரச் சாம்பல் நிறமாக மாறும். எந்தக் குழந்தையும் தொடாமல் விலகிப்போகாத அழகு அவற்றுக்கு. தாயை இழந்த குட்டியை அடுப்படியின் கதகதப்பில் பெட்டியில் வைத்திருப்பார்கள். விருந்தினரின் குழந்தைகள் அதற்குப் புட்டிப்பால் ஊட்டுவார்கள். ஊட்டிய கையுடன் ரொட்டித் துண்டை எடுப்பார்கள். இடர் இருப்பது அந்தச் சில நொடிகளில்தான்.

கொரோனாக் காலத்தில் எல்லோர் கையிலும் ஏறிய ஜெல், கைகழுவுதலுக்கு நிகரானது என்ற எண்ணத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. பார்வைக்குச் சுத்தமாக இருக்கும் கையில், மருத்துவமனை வார்டில் ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு நகரும் செவிலியருக்கு, ஜெல் உதவும். பண்ணையில் குழந்தையின் கை அப்படி இருப்பதில்லை. ஆட்டின் ரோமத்தில் காய்ந்து ஒட்டிய புழுக்கைத் துகளும், வேலிக்கம்பியின் சேறும், புட்டிப்பாலின் பிசுபிசுப்பும் சேர்ந்து கிருமிகளை மூடிக்கொள்வதால் ஆல்கஹால் அவற்றைச் சரியாக எட்டுவதில்லை. மேலும், ஜெல் எதையும் கையிலிருந்து நீக்குவதும் இல்லை, இருக்கும் அழுக்கையே உள்ளங்கை முழுவதும் பரப்பிவிட்டு உலர்ந்துபோகிறது. ஆட்டுக்குட்டிகளிடமிருந்து தொற்றும் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியை ஆல்கஹால் கொல்வதே இல்லை. இரத்த வயிற்றுப்போக்கையும் சிறுநீரகப் பாதிப்பையும் உண்டாக்கக்கூடிய ஈ.கோலை ஓ157 என்ற பாக்டீரியா நோயை உண்டாக்க, நூற்றுக்கும் குறைவான கிருமிகள் போதும். ஆகவே "பெரும்பாலானவை செத்திருக்கும்" என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை. ஈரத் துடைப்பான்களுக்கும் இதே பதில்தான். சோப்பு, ஓடும் நீர், நன்றாகத் தேய்த்துக் கழுவ 20 நொடி, பிறகு ஈரம் போகத் துடைத்தல்: இதற்கு மாற்று எதுவும் கிடையாது. பண்ணை முற்றத்தில் குழாய் எங்கே இருக்கிறது என்று அறைச் சாவியை வாங்கும்போதே கேட்டு வையுங்கள்.

விலங்கு ஆரோக்கியமாகத் தெரிகிறது என்பதும் ஆறுதல் ஆகாது. மாடும் ஆடும் ஈ.கோலை ஓ157 கிருமியைக் குடலில் சுமந்துகொண்டு எந்த நோயுமின்றி மேய்ந்துகொண்டிருக்கும். 2009இல் சர்ரே மாவட்டத்தில், பொதுமக்கள் வந்துபோகும் ஒரு பண்ணையிலிருந்து 93 பேருக்கு இந்தத் தொற்று பரவியது. அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள்.

பால் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தில் 1983 முதல் தடைசெய்யப்பட்டிருக்கும் பச்சைப் பாலை இங்கிலாந்தில், பதிவுபெற்ற பண்ணைகள் நேரடியாக விற்கலாம். காய்ச்சாத பாலைக் குழந்தைக்குக் கொடுக்காத வீடுகளில் வளர்ந்த நாம், "பண்ணையின் புதுப் பால்" என்றதும் அந்தப் பழக்கத்தை ஏன் கைவிடுகிறோம் என்று எனக்கு விளங்கவில்லை. வேண்டுமானால் காய்ச்சித் தரச் சொல்லுங்கள். குழாய் நீர் ஊற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ வருகிறதென்றால், அண்மையில் பரிசோதிக்கப்பட்டதா என்று கேட்பதில் மரியாதைக்குறைவு ஏதுமில்லை. முறையாக நடத்துபவர்கள் தயங்காமல் பதில் சொல்வார்கள்.

கருவுற்றிருக்கும் பெண்களிடம் நான் கெஞ்சியே கேட்கிறேன்: குட்டி ஈனும் பருவத்தில் செம்மறிகளின் அருகே போகாதீர்கள். ஈனும் ஆட்டின் நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும், புதிதாகப் பிறந்த குட்டியின் உடலிலும் கருச்சிதைவை உண்டாக்கக்கூடிய கிருமிகள் இருக்கலாம். கணவர் ஆர்வத்தில் கொட்டிலுக்குள் போய் உதவியிருந்தால், அந்தக் காலணியையும் உடையையும் நீங்கள் தொட வேண்டாம், அவரே துவைக்கட்டும்.

ஈ.கோலை ஓ157 தொற்றின் அறிகுறிகள் பெரும்பாலும் மூன்று, நான்கு நாள் கழித்தே, நீங்கள் ஊர் திரும்பி, ஆட்டுக்குட்டியை மறந்துவிட்ட பிறகே தொடங்கும். பத்து நாள் வரைகூட ஆகலாம். மருத்துவரிடம் முந்தைய நாள் சாப்பிட்ட உணவக உணவைப் பற்றிச் சொல்வீர்கள். பண்ணையைச் சொல்ல மாட்டீர்கள். அந்தச் சிறுமியின் பெற்றோரும் நாங்கள் மூன்றாம் முறை கேட்டபோதுதான் சொன்னார்கள். அதற்குள் வயிற்றுப்போக்கை நிறுத்த, வீட்டிலிருந்த லோபராமைடு மாத்திரையைப் பொடித்துக் கொடுத்திருந்தார்கள். தயவுசெய்து அதைக் கொடுக்காதீர்கள். ஐபுபுரூஃபனும், மீதமிருக்கும் ஆன்டிபயாடிக் மருந்தும் வேண்டாம். இந்தத் தொற்றில் இவை சிறுநீரகப் பாதிப்புக்கான வாய்ப்பைக் கூட்டிவிடலாம். அவளுக்குப் பதினொரு நாள் டயாலிசிஸ் தேவைப்பட்டது. இப்போது பள்ளிக்குப் போகிறாள். ஆனால் இரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் இன்னும் பல ஆண்டுகள் நாங்கள் கண்காணிக்க வேண்டியிருக்கும்.

மலத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே தேசிய சுகாதாரச் சேவையின் (NHS) மருத்துவ ஆலோசனை எண்ணான 111ஐ அழையுங்கள். வயிற்றுப்போக்கு குறையும் நேரத்தில் குழந்தை வெளிறிப்போனாலோ, சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ நேராக அவசரப் பிரிவுக்கு வந்துவிடுங்கள். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்: "நாங்கள் பண்ணையில் தங்கினோம், குழந்தை ஆட்டுக்குட்டியைத் தொட்டது."