படம் எடுத்தவர் எங்கே நின்றார்?

கடலோரப் பாறையான கோணமலைக்குப் பின்னால் முழுநிலா எழும் படம் ஒன்று திருகோணமலையில் கைத்தொலைபேசிக்குக் கைத்தொலைபேசி தாவிக்கொண்டிருந்தது. பாறை விளிம்பில் ஆட்கள் எறும்புகளாக நிற்க, நிலா ஐந்து ஆள் உயரத்துக்கு எழும்பியிருந்தது. உயர்தர வகுப்பில் சித்திரம் படிக்கும் என் மாணவர்கள் பார்த்தவுடனேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "சேர், இது ஒட்டுவேலை."

இருக்கலாம். ஆனால் ஒட்டாமலும் அப்படி ஒரு படம் எடுக்க முடியும்; கணக்கு மிக எளிது. வானத்தில் நிலாவின் அகலம் எப்போதும் ஏறத்தாழ அரைப்பாகைதான். அது சராசரியாக 3,84,400 கிலோமீற்றர் தள்ளி இருப்பதால் நாம் முன்னே போனாலும் பின்னே போனாலும் அந்த அளவு மாறாது. பாறையில் நிற்கும் மனிதரின் அளவோ தூரத்தைப் பொறுத்து மாறும். ஒரு கிலோமீற்றர் தள்ளி நின்று பார்த்தால், அரைப்பாகைக்குள் அங்கே ஏறத்தாழ 9 மீற்றர் உயரம் அடங்கும். ஐந்து ஆட்களை ஒருவர் தலைமேல் ஒருவராக நிறுத்திய உயரம் அது. நிலா எழும் திசை மாதத்துக்கு மாதம் மாறுவதால், எந்தப் பௌர்ணமிக்கு எந்தக் கரையில் காத்திருப்பது என்று தெரிந்திருக்கவேண்டும். மிச்சத்தைத் தூரம் பார்த்துக்கொள்ளும்.

வாயால் சொன்னது போதவில்லை. பிள்ளைகளை டச் பே கடற்கரைக்கு அழைத்துப் போனேன். மூன்று வள்ளங்கள் ஏறத்தாழப் பத்துப் பத்து மீற்றர் இடைவெளியில் மணலில் இழுத்து விடப்பட்டிருந்தன. முதல் வள்ளத்திலிருந்து 5 மீற்றரில் நின்று ஒரு படம் எடுத்தோம். மூன்றாவது வள்ளம் 25 மீற்றரில் இருந்ததால், முதலாவதின் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரிந்தது. பிறகு முதல் வள்ளத்திலிருந்து 100 மீற்றர் தூரத்துக்குப் பின்வாங்கி, முதல் வள்ளம் பழைய அளவில் தெரியும்வரை படத்தைப் பெருப்பித்தோம். இப்போது மூன்றாவது வள்ளம் முதலாவதின் ஆறில் ஐந்து பங்கு. "முட்டிக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது சேர்" என்றாள் ஒருத்தி. யாரும் வள்ளத்தைத் தொடவில்லை.

பின்னணியில் இருந்த கோணமலைக்கு என்ன நடந்தது என்பதுதான் எனக்கு இன்னும் பிடித்த பகுதி. பாறை வள்ளத்துக்கு ஒரு கிலோமீற்றர் அப்பால் இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாம் பின்வாங்கும்போது வள்ளத்தின் தோற்றம் இருபதில் ஒரு பங்காகிவிடும். பாறை பத்தில் ஒரு பங்குகூடக் குறையாது. வள்ளத்தைப் பழைய அளவுக்குப் பெருப்பித்தால் பாறையும் சேர்ந்து வளர்ந்து, முன்னைய படத்தில் இருந்ததைவிடப் பதினெட்டு மடங்கு பெரிதாகி வள்ளத்தின் முதுகில் ஏறி நிற்கும். பலர் இதை நெடுந்தூர வில்லையின் மாயம் என்கிறார்கள். அது தவறு. சாதாரண வில்லையால் அதே இடத்தில் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்கினாலும், தெளிவு குறையுமே தவிர, இதே தோற்றம்தான் கிடைக்கும். அளவுகளைத் தீர்மானிப்பவை எடுத்தவரின் கால்கள்.

வள்ளங்கள் இருந்த இடத்தில் மனிதர்களை வைத்துப் பாருங்கள். ஆறடி இடைவெளி விட்டு வரிசையில் நிற்பவர்களைத் தூரத்திலிருந்து எடுத்தால் தோளோடு தோள் உரசும் கூட்டமாகிவிடுவார்கள். அதே வரிசையை அருகிலிருந்து அகலமாக எடுத்தால் வெறிச்சோடிய தெருவாகிவிடும். இரண்டிலும் ஒட்டுவேலை இல்லை. இரண்டும் செய்தியாக வரலாம்.

இனிக் கண்ணுக்கு வருவோம். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். கண் கூர்மையாகப் பார்க்கும் பரப்பு ஏறத்தாழ அவ்வளவுதான். மிச்சத்தை, நொடிக்கு மூன்று முறையளவில் தாவித் தாவிப் பொறுக்கிக்கொள்கிறோம். எங்கே தாவுவது என்பதில் நமக்கு முன்பே சொல்லப்பட்ட வார்த்தைக்கும் பங்குண்டு. சோவியத் ஆய்வாளர் அல்ஃபிரட் யார்பஸ் இதைப் பதிவு செய்து காட்டினார். நெடுநாள் காணாதிருந்த ஒருவர் வீட்டுக்குள் நுழையும் காட்சியை ரஷ்ய ஓவியர் ரெப்பின் வரைந்திருந்தார்; அந்த ஓவியத்தை யார்பஸ் ஒருவருக்குக் காட்டினார். அதிலுள்ளவர்களின் வயதைக் கேட்டபோது பார்த்தவரின் கண் முகங்களில் தங்கியது. குடும்பத்தின் வசதியைக் கேட்டபோது உடைகளுக்கும் தளபாடங்களுக்கும் போனது.

படத்துக்குக் கீழே எழுதும் ஒரு வரியும் இப்படி ஒரு கேள்விதான். "ஆக்கிரமிப்பு" என்று எழுதினால் கண் ஒன்றைத் தேடும். "திருவிழா" என்று எழுதினால் வேறொன்றைத் தேடும். ஒரே சந்தையில் மீன் வாங்கும் மூவினத்தவரின் ஊர் இது. இங்கே ஒரு பிழையான வரி என்ன செய்யும் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் கீழே உள்ள வரியைக் கையால் மறைத்துக்கொண்டு முதலில் படத்தைப் பார்க்கும்படி பிள்ளைகளிடம் கெஞ்சுகிறேன்.

அன்று மாலை, நிலாப் படத்தை ஒட்டுவேலை என்று முதலில் சொன்னவனே அதைக் கையில் பிடித்துக்கொண்டு கரையோரமாகப் பின்னோக்கி நடந்தான். பாறை விளிம்பும் கீழே தெரிந்த மரங்களும் படத்தில் இருப்பதுபோல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் இடத்தைத் தேடினான். பொருந்தவில்லை, இன்னும் பின்னே போனான். நாங்கள் கூப்பிட்டது அவனுக்குக் கேட்காத தூரத்தில், ஒரு மதிலில் முதுகு முட்ட நின்று, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆட்டினான்.